எந்த வரி வருது?

மிருகங்களுக்கு ஏது வரின்னா சிரிக்கிற? இருந்துச்சு பூவிழி! அந்தக் குளத்தங்கரைக் காட்டுல, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுக்கு ஒரு வாய் தினை குடுத்தே ஆகணும். அதுலதான் மயில் டீச்சர் பள்ளிக்கூடம் நடத்துச்சு. அதோட தங்கச்சி மயில் இருக்கே, மழை வரும் வரும்னு ஆடியே கால் சுளுக்கி... சரி, அது வேற கதை.

பள்ளிக்கூடத்துல மொதப் பாடம் என்ன தெரியுமா? மரத்து மேல காவல் இருக்கிற குரங்கு "வரி! வரி!"ன்னு கத்துனா, புல்லுக்குள்ள புலியோட உடம்பு வரி, அதான் கோடு, தெரியுதுன்னு அர்த்தம். நிக்காம பாறை மேல ஏறிடணும். பேரைச் சொன்னா புலிக்குக் கேட்டுடும்னு பயம். அதான் வரின்னு வச்சிருந்தாங்க.

ஒரு வருஷம் மழையே இல்ல. எல்லாருக்கும் வயிறு ஒட்டிப் போச்சு. நரி கூட்டம் போட்டுச்சு.

"வரியை எடுங்க! பள்ளிக்கூடத்தை மூடுங்க! கத்துறதுக்குத்தான் குரங்கு இருக்கே!"

"கத்துனா போதுமா? என்னத்துக்குக் கத்துதுன்னு குட்டிங்களுக்குத் தெரிய வேணாமா?"ன்னு மயில் கேட்டுச்சு.

"டீச்சருக்குத் தினை போயிடும்னு கவலை!"ன்னு முயல் நக்கலடிச்சுது.

மான் செவ்வந்திக்கு மனசே கேக்கல. அவ குட்டி சிட்டுவுக்கு அப்பதான் படிக்கப் போற வயசு. ஆனா வீட்டுல மிச்சம் நாலு வாய் தினை. 'நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்'னு அவளும் வரி வேணாம்னு முன்னங்காலைத் தூக்கிட்டா. வரி போச்சு. மயிலும் மலைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு.

செவ்வந்தி எங்க சொல்லிக் குடுத்தா? பொழுதுக்கும் புல்லு தேடவே சரியாப் போச்சு. நாளைக்கு, நாளைக்குன்னே ரெண்டு மாசம்!

ஒரு நாள் சிட்டு குளத்துல தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தான். குரங்கு அலறுச்சு: "வரி வருது! வரி வருது!"

முயல் குட்டிங்க தினையை ஒளிக்க ஓடுச்சுங்க. சிட்டு நிமிர்ந்து, "அட லூசு மாமா! வரியைத்தான் எடுத்தாச்சே!"ன்னு சிரிச்சான்.

வத்திப்போன குளத்துக்கு எதிர்க்கரையில இருந்து செவ்வந்தி கத்துனா. "அது இல்லடா! புலிடா! ஓடு!"

அதுக்குள்ள புல்லு விலகிடுச்சு. செவ்வந்தி தண்ணிக்குள்ள பாஞ்சு குறுக்க விழுந்தா. அடி அவ பின்தொடையில! புலி சேத்துல வழுக்குன நேரத்துல ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. ஆனா செவ்வந்திக்குப் பின்னங்கால் போச்சு.

நரியா? குரங்கு மொதத் தடவை கத்தினப்பவே பாறை மேல ஏறிடுச்சு. அது மயில்கிட்ட படிச்சதுல்ல!

நொண்டிக்கிட்டே மலை தாண்டிப் போய் நின்னா செவ்வந்தி. "வாங்க டீச்சர்... இவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது."

பிள்ளைங்க படிப்புல மிச்சம் புடிச்சா, அதை உடம்பால கட்ட வேண்டி வரும், தெரிஞ்சுக்கோ. உங்கம்மா எங்க? ஏ மரகதம்! தூறல் போடுது பாரு, மாடியில காயுற மொளகாயை அள்ளி உள்ள கொண்டா!