பூட்ஸில் நிற்காத பெயின்ட்

"பெயின்ட் நிக்க மாட்டேங்குது மாஸ்டர்," என்றாள் பிரமிளா.

மாஸ்டர் நிமிரவில்லை. ஒரு ராட்சசனுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கூரையே இடிந்து விழுந்தாலும் அவர் நிமிர மாட்டார்.

அவர் இவர் என்று எழுதுகிறேனே ஒழிய, மாஸ்டர் தௌஃபீக்குக்கு இப்போதுதான் மீசை தடித்திருக்கிறது. பிரமிளாவுக்குத் தம்பி மாதிரி. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் திருச்சியில் அந்த மாடி அறைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

அங்கே நடக்கிற வேலை இதுதான். கை கால் மடங்குகிற சாண் உயரச் சண்டை பொம்மைகள். ஒன்றின் கையைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவார்கள். தலையை மாற்றுவார்கள். மேலே புதுசாகப் பெயின்ட் அடிப்பார்கள். முடிந்தபிறகு செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாது.

"எங்க நிக்கல?"

"பூட்ஸ்ல. மத்த இடமெல்லாம் கெட்டியா இருக்கு. பூட்ஸ்ல மட்டும் உரிஞ்சு வந்துடுது. நானும் எத்தனை தடவைதான் அடிக்கிறது?"

"தானா உரியுதா?"

பிரமிளா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, தானா உரியுதா, யாராச்சும் உரிக்கிறாங்களா?"

"ரக்ஷனாதான். வேற யாரு."

மாஸ்டர் பிரஷைக் கீழே வைத்தார்.

ரக்ஷனா, பிரமிளாவின் கணவருடைய மூத்த தாரத்துப் பெண். எட்டு வயது. அம்மா இல்லை. பிரமிளா அந்த வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தப் பிள்ளை இவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி என்றுகூட இல்லை. நேரே பார்க்காமல் "பசிக்குது" என்று சொல்லும். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு.

இவள் இந்த வகுப்பில் சேர்ந்ததே அந்தப் பிள்ளைக்காகத்தான். ரக்ஷனாவிடம் ஒரு சண்டைக்காரி பொம்மை இருந்தது. இடது கை ஒடிந்து எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. அந்த ஒற்றைக் கை பொம்மையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பிள்ளை தூங்குவதைப் பார்த்து இவளுக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்டரின் உதிரி டப்பாவைக் கிளறி ஒரு கை எடுத்தாள். அரத்தால் ராவிப் பொருத்தினாள். புதுக் கை தனியாகத் தெரியக்கூடாதென்று பொம்மை முழுக்கவே பெயின்ட் அடித்தாள். அழகாகத்தான் வந்திருந்தது. மாஸ்டரே பரவாயில்லை என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

"பிள்ளை என்ன சொன்னுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. கையை மடக்கிப் பாத்தா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் காலைப் பாத்தா. உள்ள போய்ட்டா. மறுநாள் பாத்தா பூட்ஸ் உரிஞ்சிருக்கு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"திரும்ப அடிச்சேன். திரும்ப உரிச்சா. திரும்ப அடிச்சேன்."

"கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கிறது? நான் தொட்டது வேணாம்னு உரிக்கிறா. தெரியாதா எனக்கு? நான் அந்தப் பிள்ளைக்கு என்ன கெடுதல் பண்ணேன் மாஸ்டர்? இடுப்பொடிய உக்காந்து செஞ்சேனே."

மாஸ்டர் பிரஷைத் துணியில் துடைத்தார்.

"பிரைமர் ஏதாவது குடுங்க. நகத்துக்கு அசையாம நிக்கணும்."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டு இத ஒரு கோட் அடிங்க. அதுக்கு மேல பெயின்ட். அப்புறம் யார் நகமும் ஒண்ணும் பண்ண முடியாது."

பிரமிளா கை நீட்டினாள். அவர் புட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொம்மையக் காட்டுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கை நீங்க மாட்டினதுதானே?"

"ஆமா."

"பெயின்ட்டும் நீங்க அடிச்சது?"

"ஆமா."

"மூஞ்சி?"

"எல்லாமே நான்தான் மாஸ்டர்."

"கையில ஒரு கீறல் இல்லையே அக்கா. மூஞ்சியிலயும் இல்லையே."

பிரமிளா பொம்மையை வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் பார்த்ததெல்லாம் பூட்ஸை மட்டும்தான்.

மாஸ்டர் பூதக்கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார். பூட்ஸில் பெயின்ட் கண்டபடி கீறப்படவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியிருந்தது. அடியில் இருந்த பளபளப்பில் ஒரு கோடுகூட விழவில்லை.

"அடியில என்ன அது, சிவப்பா?"

"நெயில் பாலிஷ். பழைய அசிங்கம். பூட்ஸைத் தாண்டி முட்டி வரைக்கும் இழுவி வெச்சிருந்தது. அத மறைக்கத்தான் அங்க ரெண்டு கோட் கூடவே போட்டேன்."

"யார் அடிச்சது?"

"யாரோ," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

இவள் போவதற்கு முன் அந்த வீட்டில் இருந்த பெண்கள் அந்தச் சின்னப் பிள்ளையும் அதன் அம்மாவும்தான். சிவப்பு நெயில் பாலிஷ் வேறு யாருடையதாக இருக்கும்?

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மறுபடி ராட்சசனின் கண்ணுக்குப் போய்விட்டார். பிரமிளா பூட்ஸின் சிவப்பை விரலால் தடவினாள்.

"பாவி, நான் திரும்பத் திரும்ப அடிச்சேனே," என்றாள்.

"வழவழப்பு மேல பிரைமர் போடாம அடிச்சீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு." ராட்சசன் கண்ணிலிருந்து பிரஷை எடுக்காமலே சொன்னார். "அதனால உரியுது. நல்லதாப் போச்சு."

ஒரு பல்குச்சியை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

பிரமிளா சாயங்காலம் வரை உட்கார்ந்து உரித்தாள். பூட்ஸ் சிவப்பாக, முட்டி வரை கோணல்மாணலாக வெளியே வந்தது. எழுந்தபோது அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அப்ப நான் எதத்தான் அடிக்கிறது மாஸ்டர்?"

அவர் பொம்மையை வாங்கி இடது கையை மட்டும் கழற்றினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தார். அவள் ராத்திரி பகலாக அடித்த பெயின்ட் பஞ்சோடு போனது. வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். அதை மறுபடி மாட்டினார்.

"இப்படியே கொண்டுபோங்க."

"இதுவா? பாக்க நல்லாவே இருக்காதே."

"இருக்காது," என்றார் மாஸ்டர். பிரைமர் புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரமிளா தாமதமாக வந்தாள். பொம்மையை அவர் முன்னால் நிறுத்தினாள்.

பூட்ஸ் சிவப்பு. புதுக் கை மட்டும் நாவல்பழ நிறம். பிரஷ் வேலை கண்றாவி. கையைத் தாண்டித் தோளில் வழிந்து, அங்கிருந்து நெஞ்சில் இழுவி, தாடையில் ஒரு சொட்டு வேறு.

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு ஈவு இரக்கம் கிடையாது.

"என்னக்கா இது? கோடு எங்க நிக்கணும்னு இத்தனை நாள் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?"

பிரமிளா இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தாள். பத்து நகத்திலும் அதே நாவல்பழ நிற நெயில் பாலிஷ். நகத்தைத் தாண்டி விரலெல்லாம் அப்பியிருந்தது.

மாஸ்டர் விரல்களைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

"நாங்க," என்றாள் பிரமிளா.