முதல் ஒரு மணி நேரம்

ஜெயசீலியிடம் சீடனாகச் சேர வந்த ஆளுக்கு அவளைவிடப் பதிமூன்று வயது அதிகம். பெயர் தணிகாசலம். வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடம் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார்.

பிறகு இல்லை.

ஜெயசீலி ஆம்பூரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அறை எடுத்து, வாரம் ஒரு வீடியோ போடுகிறவள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரும். அந்த வாரத்து டெக் செய்திகளை எடுத்து வைத்துக் கிழிப்பாள். எண்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு விளக்கு, ஒரு கேமரா, எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை.

"எதுக்கு வந்தீங்க சார்?"

"எப்படிச் சிரிக்க வைக்கிறதுன்னு கத்துக்கணும்."

"உங்க வேலை எப்படிப் போச்சு? அதைச் சொல்லுங்க."

"வீடியோ கால்ல கூப்பிட்டாங்க. ஒன்பது நிமிஷம். எங்க மைக்கையெல்லாம் அவங்களே மூடிட்டாங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு ஆரம்பிச்சாங்க. ஏழாவது நிமிஷத்துல குடும்பத்துல எண்ணூறு பேர் குறைஞ்சிட்டோம். கடைசியில ஒரு ஃபார்ம் வந்துச்சு. இந்தக் கால் உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருந்துச்சு, அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்."

"எத்தனை போட்டீங்க?"

"அஞ்சு. பழக்க தோஷம்."

ஜெயசீலி சிரித்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் அவளை "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டலுக்கு. பிறகு அது கிண்டலா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் மட்டும் கடைசிவரை அவரை "சார்" என்றுதான் கூப்பிட்டாள்.

அவள் அதிகம் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கம்பெனியைத் திட்டாதீங்க சார். கம்பெனிக்காரன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. அதுவே போதும்."

அது உண்மைதான். மூச்சு விடச் சொல்லி ஞாபகப்படுத்தும் வாட்ச் ஒன்று வந்தது. "இத்தனை நாளா நம்ம சொந்த ஞாபகத்துலயே விட்டுட்டு இருந்தோம், எவ்வளவு ரிஸ்க்" என்று கேமரா முன்னால் சொன்னார் தணிகாசலம். ஏஐ எல்லாருடைய வேலையையும் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு ஏஐ முதலாளி பேட்டி கொடுத்தார். "அவர் வேலையை மட்டும் எடுக்காதாம். ஏன்னா அதுல எடுக்க ஒண்ணும் இல்லையாம்" என்றார். மூன்றாவது வாரமே ஜனங்கள் அவரைத்தான் கேட்டார்கள். எங்கே அந்த வழுக்கை சார், எங்கே அந்த வழுக்கை சார் என்று.

இன்னொன்றையும் அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"வீடியோ ஏறின முதல் ஒரு மணி நேரம் யார் என்ன கமெண்ட் எழுதினாலும் இதயம் போடணும். ஒரு வரி பதிலும் போடணும். அப்பதான் வீடியோ மேல ஏறும்."

"எல்லாத்தையும் படிச்சா போடறது?"

"படிச்சா முப்பது போடலாம். பார்த்தா முந்நூறு போடலாம்."

"புரியுது குருவே."

வெல்ட்ரா என்ற போன் கம்பெனியின் செய்தி அப்போதுதான் வந்தது. அவர்கள் விற்ற போன்களில் பேட்டரி வீங்குகிறது, முதுகு புடைத்துக்கொள்கிறது என்று நிறையப் பேர் புகார் சொன்னார்கள். கம்பெனி அறிக்கை விட்டது. அதில் 'இயற்கையான வடிவ மாற்றம்' என்று எழுதியிருந்தது.

தணிகாசலத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். கேமராவைப் பார்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "இயற்கையான வடிவ மாற்றம்னா எங்க ஊர்ல வளையல் போடுவோம்" என்றார். போன் மாசமாகிவிட்டது, சார்ஜருடன் சேர்த்து வைத்தது தப்பு, ஏழாம் மாசம் வளைகாப்பு என்று ஆறு நிமிடம் பேசினார். ஜெயசீலி கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நானூற்றுப் பத்துக் கமெண்ட் வந்தது. நானூற்றுப் பத்துக்கும் அவர் இதயம் போட்டார், பதில் போட்டார். விரல் வலிக்கிறது குருவே என்றார். பெருமையாகத்தான்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. தணிகாசலம் போனை எடுத்துக்கொண்டு வந்து ஜெயசீலி முன்னால் நின்றார். முகம் சரியில்லை.

"என்ன சார்?"

அவர் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"படிங்க."

அவர் படித்தார். 'பரசு லோடு ஆட்டோ' என்ற பெயரில் அந்தச் சனிக்கிழமை பத்து இருபதுக்கு ஒருவர் எழுதியிருந்தார்.

"சார் என் வெல்ட்ராவும் பின்னாடி வீங்கி இருக்கு. பாப்பா அதுலதான் கார்ட்டூன் பாக்குது. கைல குடுக்கலாமா."

"நீங்க என்ன போட்டீங்க?"

அவர் குரல் இறங்கியது. "தாராளமா குடுங்க, தாய்மாமன் சீரை மட்டும் மறந்துடாதீங்க."

"அதுக்குக் கீழ?"

"இன்னைக்கு வந்தது." அவர் திரையைக் கீழே தள்ளினார். "சார் மச்சான் போன்ல இருந்து எழுதறேன். அது வெடிச்சிடுச்சு. பாப்பா கை. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். இனிமே என்ன பண்ணணும் சார்."

கீழே செருப்புக் கடையில் யாரோ நம்பர் எட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அழிச்சிடலாமா குருவே?"

"எதை?"

"என் பதிலை. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறதுக்குள்ள."

"அவர் ஒண்ணு கேட்டிருக்காரே சார். முதல்ல அதுக்குப் பதில் போடுங்க."

"என்னன்னு போடறது?"

"எந்த வார்டுன்னு."

அவர் போட்டார். ஒரு நிமிடத்தில் வார்டு நம்பர் வந்தது. கூடவே கும்பிடுகிற கை மூன்று.

வேலூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டா தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு நிறுத்தவில்லை.

"ஜோக்குன்னு தெரியாதா அந்த ஆளுக்கு? தாய்மாமன் சீர்னு எழுதியிருக்கேன். போனுக்கு யாராவது சீர் வைப்பாங்களா? பக்கத்துலயே சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்கேன்."

"அவர் கேள்வியில சிரிக்கிற பொம்மை இருந்துச்சா?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். திரும்ப பாக்கெட்டில் வைத்தார்.

"கம்பெனிக்காரன் செஞ்சது இது. நாம என்ன பேட்டரியா செஞ்சோம்?"

"இல்ல சார். நாம செய்யலை."

"பின்ன எதுக்குப் போறோம்?"

பஸ் போய்க்கொண்டிருந்தது.

தீக்காய வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே நீளமான வராந்தா. ஒரு முனையில் சிமெண்ட் பெஞ்சில் ஒரு பெண் கம்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறு முனையில் தரையில் ஒரு ஆள். அந்த ஆள் இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். அவர்தான் பரசுராமன். காக்கிச் சட்டை, ஐந்து நாள் தாடி.

"சார்! நீங்களா! நேர்லயே வந்துட்டீங்களா! மேடம் வேற வந்திருக்காங்க! சார், வீடியோவுல குண்டா தெரியறீங்க, நேர்ல ஒல்லியா இருக்கீங்களே சார்!"

தணிகாசலம் கும்பிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல்தான்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"மோனிஷா. ஆறு வயசு. வலது கை மேடம். ரெண்டு விரல் எடுத்துட்டாங்க. மூணாவது இருக்குமா இருக்காதான்னு நாளைக்குச் சொல்வாங்களாம்." அவர் வராந்தாவின் மறு முனையைக் காட்டினார். "அது அவ அம்மா, அம்சா. அஞ்சு நாளா எங்கிட்ட பேச்சு இல்ல. பெத்த புள்ள கையில குண்டைக் குடுத்தியேடான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அதோட சரி. அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? தப்பு என்னுதுதான்."

"உங்க தப்பா?" என்றார் தணிகாசலம்.

"ஆமா சார். சார்ஜ் ஏறும்போதே குடுத்துட்டேன். நீங்க தாராளமா குடுன்னுதான் சொன்னீங்க. சார்ஜ்ல வெச்சுக் குடுன்னு சொன்னீங்களா? இல்லையே. நான் படிக்காதவன் சார், அதையும் சேத்துக் கேட்டிருக்கணும்."

தணிகாசலம் சுவரைப் பார்த்தார்.

"அடுத்து எந்த போன் சார் வாங்கலாம்? உங்களைக் கேக்காம வாங்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

ஜெயசீலி ஒரு அடி நகர்ந்தாள். தணிகாசலத்தின் காதருகே, "இவர்கிட்ட நீங்க பேசுங்க. நான் அந்தம்மாகிட்ட பேசறேன்" என்றாள். வராந்தாவில் நடந்து போனாள்.

தணிகாசலம் தொண்டையைச் சரி செய்துகொண்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார். அதில் சந்தேகமில்லை.

"பரசுராமன், நான் உங்க கேள்வியைச் சரியா படிக்கவே இல்லை."

"ஆங்?"

"நானூத்திப் பத்துப் பேர் எழுதியிருந்தாங்க. எனக்கு இருக்கிறதே ரெண்டு கண்ணு. கம்பெனியில பத்தொன்பது வருஷம் வந்த மெயிலைப் படிக்காமலே ஓகே போட்டுப் பழகிட்டேன்." இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். புருவம் தானாகவே மேலே போனது. "அவங்க என்னைத் தூக்கினதுல ஒரு தப்பும் இல்லை பாருங்க."

பரசுராமன் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். ஐந்து நாளில் முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "இது ஆஸ்பத்திரி" என்றாள்.

"சார், வீடியோவுல பேசற மாதிரியே பேசறீங்க சார்! எங்க மனசு ஆறணும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க பாருங்க. பெரிய மனசு சார்." தணிகாசலத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

அப்போது மறு முனையில் ஒரு சத்தம் கேட்டது. கை தட்டியது போல, ஒரே ஒரு தடவை.

இரண்டு பேரும் திரும்பினார்கள். பெஞ்சில் இருந்த பெண் எழுந்து நின்றிருந்தாள். ஜெயசீலி அவளுக்கு முன்னால் அசையாமல் நின்றாள். அம்சா கையைக் கீழே இறக்கினாள். பிறகு வராந்தா முழுவதையும் தாண்டித் தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. பிறகு உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றார் பரசுராமன். ஆனால் போகவில்லை. போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

தணிகாசலம் கையை விடுவித்துக்கொண்டு போனார். ஜெயசீலி மாடிப்படி அருகே வந்து நின்றிருந்தாள். இடது கையால் கன்னத்தை மூடியிருந்தாள். விரல்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க குருவே?"

"உங்க வீட்டுக்காரர் குழந்தைகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எங்களைக் கேட்டார். நாங்க சரியா படிக்காம குடுங்கன்னு சொன்னோம். படிக்க வேண்டாம்னு சொல்லிக்கொடுத்தது நான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அவர் கேட்டதே அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

தணிகாசலம் படிக்கட்டில் உட்கார்ந்தார். "நானும் சொல்லிட்டேன். ஒண்ணு விடாம சொல்லிட்டேன். அவர் சிரிச்சார்."

"கேட்டுது."

"நன்றி சொன்னார். பெரிய மனசுன்னார்."

"அப்ப திரும்பப் போங்க சார்."

"அஞ்சு நாள் கழிச்சு இப்பதான் அந்த மனுஷன் சிரிச்சிருக்கார். அந்த ஒரு ஆறுதலையும் பிடுங்கணுமா?"

"யாரோட ஆறுதல்?"

வார்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது. அது மோனிஷாவா வேறு குழந்தையா என்று தெரியவில்லை. வராந்தாவில் பரசுராமன் மச்சானுடைய போனைத் தூக்கிக் காட்டினார். ஒரு போட்டோ எடுத்துக்கலாம் சார், வாங்க, என்று கை ஆட்டினார்.

தணிகாசலம் எழுந்தார். இரண்டு அடி நடந்து, திரும்பி நின்றார்.

"குருவே, இந்தத் தடவை சரியா சொல்லிட்டேனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜெயசீலி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"தெரியும் சார். போங்க."