வாய்பார்த்தான்குளத்து மரக்கம்பளி

வாய்பார்த்தான்குளத்தில் ஒரு காரியத்தைக் கெடுக்க வேண்டுமென்றால் யாரும் தன்னிஷ்டத்துக்குக் கெடுத்துவிட மாட்டார்கள். கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, முறைப்படிதான் கெடுப்பார்கள். அந்த ஒழுங்கை நீங்கள் வேறு ஊரில் பார்க்க முடியாது.

அங்கே மாசானம், ஆவுடையப்பன், சொரிமுத்து என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர். வீட்டுக்குப் பின்னாலிருந்த தொழுவத்திலிருந்து மாட்டை வெளியேற்றிவிட்டு, ‘மரக்கம்பளித் தொழிற்கூடம்’ என்று போர்டு மாட்டினார்கள். மாசானம் தலைவர். ஆவுடையப்பன் செயலாளர். சொரிமுத்து தனக்கும் பதவி வேண்டுமென்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டதால் துணைத்தலைவர். வேலை செய்யத்தான் ஆள் இல்லை. அதற்காக மூவரும் எழுந்து நின்று ஒரு வருத்தத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

மரக்கம்பளி என்றால் பெரிய விஷயமில்லை. மரத்தை நூல்நூலாகச் சீவினால் வருகிற சுருள்தான். உடைகிற சாமான்களைச் சுற்றி மெத்தை மாதிரி திணித்துப் பெட்டி கட்டுவார்கள். முதல் ஆர்டர் கொடுத்தவள் மண்பொம்மை செய்கிற உலகம்மை. போன வருஷம் வைக்கோல் திணித்துச் சென்னைக் கடைக்கு அவள் அனுப்பிய கொலுப் பொம்மைகளில் பாதி, போய்ச் சேரும்போது தலை வேறு, உடம்பு வேறு. இந்த நவராத்திரிக்கும் அப்படி வந்தால் இனி உன் சரக்கே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு கடையும் கிடையாது. பாவம், பயத்தில் புத்தி கலங்கியிருந்தாள். இல்லாவிட்டால் இவர்களிடம் வந்திருப்பாளா?

“தம்பியளா, பச்சை மரம் மட்டும் ஆகாது. பலகைக்கு நல்லாச் சீப்புப் போட்டுட்டு அப்புறமா இழைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். சீப்பு என்று அவள் சொன்னது, ஆணிகளை வரிசையாக அடித்த கட்டையை. அதால் பலகையில் கோடு கிழித்துவிட்டு இழைப்புளி ஓட்டினால்தான் சுருள் நூலாகப் பிரியும்.

உடனே கூட்டம் கூடியது. தொழுவத்தில் நன்றாகக் காய்ந்த பழைய கதவு ஒன்று கிடந்தது. அதற்கு யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

“இது பச்சை. ஆகாது” என்றார் தலைவர்.

“நேத்து வெட்டுன மாமரம் வாசல்ல கெடக்கு. வெட்டுன எடத்தப் பாத்தியளா, வெள்ளை வெளேர்னு இருக்கு” என்றார் செயலாளர்.

“எல பச்சையால்லா இருக்கு?” என்று கேட்டார் துணைத்தலைவர்.

“எலயப் பறிச்சிரு.”

பறித்தார்கள். அறுத்தெடுத்த பலகைக்குச் சொரிமுத்து தேங்காயெண்ணெய் தடவி, சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து வாரிவிட்டான். பக்க வகிடா நடுவகிடா என்பதில் கருத்து வேறுபாடு வந்து, வாக்கெடுப்பில் நடுவகிடு வென்றது. அதற்குப் பிறகுதான் இழைத்தார்கள்.

சில நாளிலேயே மூட்டை கட்டி வைத்த சுருளெல்லாம் பச்சைப் பூஞ்சணம் பிடித்து நாறியது. உலகம்மை வந்து ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“பச்சை மரம் வேண்டாம்னு சொன்னேனேய்யா.”

“நாங்க இழைக்கும்போது வெள்ளையாத்தாங்க்கா இருந்துச்சு. பொறவுதான் பச்சையாயிட்டு” என்றார் மாசானம்.

உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்தப் பழைய கதவை இழுத்துப் போட்டு, பெயிண்டைச் சுரண்டி, ஆணிச்சீப்பும் தானே செய்து, இழைப்புளியை ஓட்டிக் காட்டினாள். நூல்நூலாக அருமையான மரக்கம்பளி வந்தது. மூவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கதவு தீர்ந்ததும் வீட்டு வாசற்கதவையும் கழற்றி இழைத்துத் தீர்த்தார்கள்.

“இனி கள்ளன் வந்தா?” என்று கேட்டான் சொரிமுத்து.

“வந்து என்னத்த எடுப்பான்? வீட்டுல வெலபோற சாமானே அந்தக் கதவுதான்” என்றார் ஆவுடையப்பன்.

பொம்மைகள் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தன. உலகம்மைக்கு வீட்டில் வேறு பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை இருந்தது. “கம்பளியில வச்சுப் பெட்டி கட்டி, லாரியில ஏத்துங்க. ஏத்துமுன்ன ஆட்டிப் பாருங்க. சத்தம் வந்தா அந்தப் பெட்டி போகக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டினார்கள். ஆட்டினார்கள். சத்தம் வந்தது. கச்சேரி செட் பொம்மைகளில் தவில்காரர்மேல்தான் முதல் சந்தேகம். அவரை இறக்கினார்கள். நாதஸ்வரக்காரரை இறக்கினார்கள். அப்போதும் சத்தம் நிற்கவில்லை. கண்ணை மூடித் தவமிருந்த முனிவரையும் இறக்கிய பிறகுதான் பெட்டி அடங்கியது.

“பாத்தியா, கம்பளி வாயே தொறக்கல. எல்லாம் இந்தப் பொம்மையள் பண்ணுன வேலை” என்றார் மாசானம்.

இப்படி ஒவ்வொன்றாக அடக்கிய பெட்டிகள் எல்லாம் சென்னைக்குப் போயின. கடைக்காரர் உலகம்மைக்கு போன் போட்டார்.

“பெட்டி வந்துச்சும்மா. ஒண்ணும் உடையல. உள்ள ஒண்ணுமே இல்ல.”

உலகம்மை ஓடிவந்து தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். வருஷம் முழுக்கச் செய்த பொம்மைகள் அங்கே வரிசையாக நின்றன, நவராத்திரியோ நெருங்கிவிட்டது. அவள் அழுததைப் பார்த்து அண்ணன் தம்பிகளும் அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள், அதில் குறை சொல்ல முடியாது. பிறகு பொம்மைகளை மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறினார்கள். கைக்குழந்தையைப் போல வைத்துக்கொண்டு, கண்ணே மூடாமல் போய், அத்தனையையும் முழுசாகக் கடையில் இறக்கினார்கள். கடைக்காரர் மகிழ்ந்துபோய் போனில் சேதி சொன்னார். உலகம்மை அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

“இருங்க, காப்பி சொல்லிட்டு வரேன்” என்று கடைக்காரர் வெளியே போனார். கடை மூலையில் மரக்கம்பளிப் பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் மாசானத்தின் முகம் வாடியது.

“ஏல, அக்கா என்ன சொன்னாவ? கம்பளியில வச்சு லாரியில ஏத்தச் சொன்னாவ. நாம பஸ்ல கொண்டாந்துட்டமே. அவ்வளவு கஷ்டப்பட்ட மனுசி பேச்சத் தட்டலாமா?”

தட்டக் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. பஸ்ஸில் மடியில் வைத்துப் பழகிய கை அல்லவா, இந்தத் தடவை பிரமாதமாகக் கட்டினார்கள். ஆட்டினால் ஒரு பெட்டியிலும் மூச்சில்லை. கடைக்காரர் காப்பியோடு திரும்புவதற்குள் பக்கத்துத் தெரு லாரி ஆபீசுக்குச் சுமந்து போனார்கள்.

“எந்த ஊருக்கு?” என்று கேட்டார் குமாஸ்தா.

“சென்னைக்கு.”

“இதுதான்யா சென்னை.”

மூவரும் ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். பிறகு தலைவர் வந்து சொன்னார்: “அப்ப வாய்பார்த்தான்குளத்துக்குப் போடுங்க.”

கொலு வைக்கிற அன்றைக்கு லாரி உலகம்மை வீட்டு வாசலில் வந்து நின்றது. அவள் வெளியே ஓடிவர, அண்ணன் தம்பிகள் பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். மாசானம் கடைசிப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெருமையோடு அவள் கையில் கொடுத்தார்.

“ஒரு மூக்குகூட உடையல, பாத்தியளாக்கா. இனிமே நீங்க தைரியமா அந்தக் கடைக்காரருக்கு அனுப்பலாம்.”