கன்னம் வைத்த தரை

ஓடைக்கரை அம்மன் கோயில் பிரகாரத்தில் போட்ட புதுத் தரை தப்பாகிவிட்டது.

பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் தொந்தரவு.

போட்டவர் நாச்சிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். பெயிண்டராக இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எழுந்த பிறகு உயரம் என்றாலே கால் நடுங்கியது. தரை வேலை கற்றுக்கொள்ள மேஸ்திரி துளசிமணியிடம் வந்து சேர்ந்தார்.

துளசிமணி அவரைவிட வயதில் சின்னவர். காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மேலே வரி இழுத்து, அச்சு வைத்து, கல் மாதிரியும் மரப்பலகை மாதிரியும் ஆக்கிவிடுவார். அவர் நாச்சிமுத்துவை அண்ணா என்பார். இவர் அவரை மேஸ்திரி என்பார்.

பிரகாரம்தான் நாச்சிமுத்து தனியாகச் செய்த முதல் வேலை. சின்னக் கோயில். சின்னப் பிரகாரம். தர்மகர்த்தா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"போன மழைக்குப் பூசாரி வழுக்கி விழுந்துட்டாரு. இனி ஒருத்தரும் வழுக்கக் கூடாது. பார்வைக்கும் லட்சணமா இருக்கோணும்."

நாச்சிமுத்து அப்படியே செய்தார். சீப்புக்கட்டையை இழுத்து அலை அலையாக வரி போட்டார். அலைகளுக்கு நடுவே முள் உருளையை ஓட்டினார். காய்ந்ததும் தர்மகர்த்தா தண்ணீர் ஊற்றி நடந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார்.

"ஓட்டப்பந்தயமே வெக்கலாம்யா," என்றார்.

வெளியூர் வேலையை முடித்துவிட்டு மேஸ்திரி வியாழக்கிழமை காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்தார். நாச்சிமுத்து பின்னாலேயே நடந்தார்.

"எப்படிங்க மேஸ்திரி?"

மேஸ்திரி குனிந்து ஒரு வரியை விரலால் தடவினார்.

"சீப்பு அதிகமாப் போச்சுங்களா? உருளையோட நிறுத்தியிருக்கோணுமா? இந்த இடத்துக்கு எந்தக் கருவிங்க பொருத்தம்?"

"சட்டையைக் கழட்டுங்க."

"என்னங்க?"

"கழட்டுங்கண்ணா. படுங்க. கையைத் தலைக்கு மேல கூப்பிக்குங்க. உருளுங்க."

நாச்சிமுத்து சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து படுத்தார். உருண்டார். முதல் புரளலில் தோள் சிராய்த்தது. அடுத்ததில் முழங்கை கிழிந்தது. எழுந்து உட்கார்ந்தபோது அலை வரியில் ரத்தம் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு மறுநாள் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. வேண்டிக்கொண்டவர்கள் ஈரத்துணியோடு பிரகாரத்தைச் சுற்றி உருளுகிற நாள். முதலில் உருளப்போவது அவர் மனைவி பாவாயி. அவர் இடுப்பு கூடி எழுந்து நடக்க வேண்டும் என்று வைத்த வேண்டுதல்.

"பாவாயி," என்றார்.

"அவங்க உருள்றது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. கால் வழுக்கக் கூடாது, கால் வழுக்கக் கூடாதுன்னே போட்டுட்டு இருந்தேன். உருள்றவங்க மேலுக்கு என்னாகும்னு தோணவே இல்லீங்க."

நாச்சிமுத்து சட்டையால் தரையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தார்.

"மேல சிமெண்ட்டுப் பால் ஊத்தி இழைச்சுடலாங்களா?"

"நாளைக்கே உரிஞ்சு வந்துரும்."

"மிஷின் கொண்டாந்து தேய்ச்சுட்டா?"

"பள்ளத்தையும் சேத்து முழுங்கிரும். அடுத்த மழைக்குப் பூசாரி மறுபடி விழுவாரு."

"சாக்கு விரிச்சுடலாங்க."

"உங்க வீட்டம்மா சாக்குல உருளுவாங்களா?"

நாச்சிமுத்துவுக்கு அவளைத் தெரியும். உருள மாட்டாள். உடம்பு மண்ணில் படவேண்டும் என்பாள். மண் இருந்த இடத்தில்தான் அவர் இதைப் போட்டு வைத்திருந்தார்.

மேஸ்திரி பையிலிருந்து தேய்ப்புக்கல் இரண்டை எடுத்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"முனை மட்டும் போகோணும். பள்ளம் இருக்கோணும்."

"எதுவரைக்கும் தேய்க்கிறதுங்க?"

"கேக்காதீங்க. தேயுங்க."

தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார்கள். மேஸ்திரி தெற்குப் பக்கம். நாச்சிமுத்து கிழக்குப் பக்கம். கல் கரகரவென்று இழுத்தது. நாச்சிமுத்து பொழுது போகிறதா என்று வெயிலைப் பார்ப்பார். தேய்க்க வேண்டியதைப் பார்ப்பார். மறுபடி வெயிலைப் பார்ப்பார்.

"வானத்தையா தேய்க்கிறீங்க?" என்றார் மேஸ்திரி.

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து உள்ளங்கையால் தடவினார்.

"குத்தலைங்க மேஸ்திரி."

"உங்க உள்ளங்கையில ஆணி அடிச்சாலும் குத்தாது. கன்னத்தை வெச்சுப் பாருங்க."

நாச்சிமுத்து குனிந்து தரையில் கன்னத்தை வைத்தார். குத்தியது. தேய்த்தார். மறுபடி வைத்தார். அப்போது பார்த்து தர்மகர்த்தா வந்தார்.

"என்னய்யா, திருடனாட்டம் கோயில்லயே கன்னம் வெக்கிறியா?"

நாச்சிமுத்து எழவில்லை. தர்மகர்த்தா கிட்டே வந்து தரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அட, நல்ல வரியை ஏன்யா அழிக்கிறே?"

மேஸ்திரி ஒரே வரியில் காரணத்தைச் சொன்னார். தர்மகர்த்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு ஊரே கூடுமே! ரத்தத்தைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? தரையைச் சொல்ல மாட்டாங்க. அம்மன் ஏத்துக்கலை, அந்தப் பொம்பளைகிட்ட ஏதோ குறை இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க."

நாச்சிமுத்து அதுவரை அதை நினைக்கவில்லை. கல்லை எடுத்தார். அதன் பிறகு வெயிலைப் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குப் பாவாயி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். கிழக்கும் தெற்கும் முடிந்திருந்தன. மேற்கில் மேஸ்திரி இருந்தார். வடக்கில் நாச்சிமுத்து பாதியில் இருந்தார்.

"சுவத்துக்கு உப்புத்தாள் போட்டுப் போட்டு அலுத்துப்போய் இப்பத் தரைக்கா?" என்றாள்.

"சும்மா. கடைசிக் கை வேலை. நீ வெச்சுட்டுப் போ."

"முழங்கையில என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"பிரகாரத்துல ஏதுங்க கதவு?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பாவாயி தரையைப் பார்த்தாள். தேய்த்த இடத்தையும் தேய்க்காத இடத்தையும் பார்த்தாள். அவர் தோளைப் பார்த்தாள். தூக்குப்போசியைச் சுவரோரம் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வடக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

"பாவாயி, வேண்டாம். அந்தப் பக்கம் இன்னும் முடியலை."

"முடிஞ்ச பக்கத்துல படுத்து என்ன தெரியப்போகுது?"

மெதுவாக ஒரு புரளல் புரண்டாள். பல்லைக் கடித்தாள்.

"இங்க."

அவர் முட்டி போட்டு வந்து அந்த இடத்தைத் தேய்த்தார். அவள் மறுபடி புரண்டாள்.

"இப்பப் பரவால்ல. இதோ, இடுப்புக்குக் கீழ ஒண்ணு. கொஞ்சம் தள்ளி. அட, அந்தப் பக்கம் இல்லீங்க!"

அவர் தேய்த்தார். அவள் உருண்டாள். வடக்கு முடிந்ததும், அவர் முன்பே முடித்துவிட்டிருந்த கிழக்குக்குப் போனாள்.

"அங்க நான் கன்னம் வெச்சுப் பார்த்துட்டேன்."

"உங்க கன்னத்துல ஒரு வாரத் தாடி."

கிழக்கிலும் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். தெற்கிலும் ஒரு இடத்தில் "இங்க" என்றாள். அது மேஸ்திரி தேய்த்த இடம். மேஸ்திரி தானே வந்து தேய்த்தார். மேற்கையும் அவள் உருண்டு பார்த்து முடித்தபோது மேஸ்திரி தன் கல்லைக் கழுவிப் பையில் போட்டார்.

"கிளம்பிட்டீங்களா மேஸ்திரி? ஒரு சுத்து பார்த்துச் சரியாப்போச்சான்னு சொல்ல வேண்டாமுங்களா?"

"சொல்றவங்க சொல்லிட்டு இருக்காங்க," என்று மேஸ்திரி நடந்தார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஊர் கூடிவிட்டது. பூசாரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பாவாயி மஞ்சள் புடவையில் நனைந்து வந்து படுத்தாள். பெண்கள் இரு பக்கமும் குனிந்து அவளைப் புரட்டிக்கொண்டே போனார்கள். நாச்சிமுத்து ஓரமாக நடந்தார். எல்லோரும் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் அவள் தோளையே பார்த்தார்.

கிழக்கு போனது. தெற்கு போனது. மேற்கு மூலையில் பெண்கள் திடீரென்று நின்றார்கள். ஒருத்தி குனிந்து எதையோ பார்த்தாள். நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"புடவை சிக்கிருச்சு, வேறொண்ணுமில்ல. தள்ளுங்கடி," என்றாள் அவள்.

வடக்கும் போனது. பாவாயி எழுந்து நின்றாள். நாச்சிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் இரண்டு முழங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புடவையின் மஞ்சள் கலந்த ஈரம் இருந்தது. கீறல் இல்லை.

"எல்லாரும் பார்க்கறாங்க, விடுங்க," என்றாள்.

ஈரத் தரையில் பூசாரி தீபத்தட்டோடு ஒரு சுற்று வந்தார். வழுக்கவில்லை.

பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது தர்மகர்த்தா மேஸ்திரியைத் தேடி வந்தார். நாச்சிமுத்துவும் பக்கத்தில்தான் நின்றார்.

"வரியும் அழியலை, மேலுக்கும் குத்தலை. அடுத்த வருசம் வெளி வாசலுக்கும் தரை போடோணும். இதைச் சரி பண்ணுன ஆளையே கூட்டியாந்துருங்க. யாருங்க அது, நீங்களா? இல்ல, இந்தப் பெயிண்டரா?"

நாச்சிமுத்து மேஸ்திரியைக் கை காட்டினார்.

மேஸ்திரி வாயிலிருந்த பொங்கலை மென்று விழுங்கினார்.

"பாவாயி," என்றார்.