மங்களம் பாடாத கூத்து

ராஜாக்களின் தலைமேல் கம்பெனித் துரைகள் வந்து உட்கார்ந்துகொண்ட முற்காலத்தில், ஒரு சிறு நாட்டின் மன்னருக்குத் தாமரைக்குளத்தில் படகு விட ஆசை வந்தது. குளம் நிறைய வேண்டுமே! ஏரி மடையை அடைத்து, தண்ணீரை அரண்மனைப் பக்கம் திருப்பிவிட்டார். கீழே மூன்று ஊர் வயல்கள் காய்ந்தன. ஊர்க்காரர்கள் வந்து அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு நாளாகியும் நகரவில்லை.

அவர்களில் ஒருத்தி மூக்காயி. அரசவை விகடன் சடையாண்டிக்கு உடன்பிறந்த அக்காள். அக்காள் வெயிலில் கிடக்க, உள்ளே மன்னரைச் சிரிக்க வைப்பது சடையாண்டிக்குப் பெரும்பாடாக இருந்தது.

மன்னர் பட்டாளம் கேட்டுத் துரைக்கு ஆள் அனுப்பினார். இங்கிலீஷில் வந்த பதிலைத் துபாஷி சிங்கண்ணா சபையில் தமிழாக்கிப் படித்துச் சொன்னார்:

"வாசலில் இருப்பது என்னவென்று ஒரே இங்கிலீஷ் வார்த்தையில் எழுதுக. கிரவுடு என்றால் தடியோடு பத்துப் பேர் வருவார்கள். மாப் என்றால் பீரங்கி வரும். நாளை உச்சிப்பொழுதில் நானே வந்து சரிபார்ப்பேன்."

"இரண்டும் கூட்டம்தானே? என்ன பேதம்?" என்றார் மன்னர்.

"சும்மா கூடினால் கிரவுடு, மகாராஜா. கோபத்தோடு கூடினால் மாப். வாசலில் இருப்பது சந்தேகமில்லாமல் மாப்."

சடையாண்டி முன்னால் வந்து குறுக்கிட்டான். "பிரபு, அது கோபமில்லை, பசி. நான்கு நாள் சாப்பிடாவிட்டால் துபாஷியாரின் திருமுகமும் அப்படித்தான் இருக்கும்."

சிங்கண்ணா இதற்குத்தான் காத்திருந்தார். மன்னர் விகடனிடம் கொஞ்சிப் பேசுவது அவருக்குப் பல வருட வயிற்றெரிச்சல். "அப்படியானால் விகடரே வார்த்தையைத் தேர்ந்தெடுக்கட்டும். துரை வந்து பார்க்கையில் அது பொய்யாக இருந்தால், விகடரின் தலை போகட்டும்."

"ஆகட்டும்," என்றார் மன்னர். அவருக்குப் படகுக்கு நேரமாகிவிட்டது.

"துபாஷியாரே, உங்கள் இங்கிலீஷில் இந்த இரண்டை விட்டால் வேறு வார்த்தையே கிடையாதா?" என்று கேட்டான் சடையாண்டி.

துபாஷிக்குப் பாண்டித்தியம் பொங்கியது. "ஏன் இல்லை? சாமி கும்பிடக் கூடினால் காங்கிரிகேஷன். திருடக் கூடினால் கேங். கூத்துப் பார்க்க உட்கார்ந்தால் ஆடியன்ஸ். உமக்கு எதற்கையா அதெல்லாம்?"

"ஆடியன்ஸ் என்றே எழுதும்."

"கூத்து எங்கே?"

"அது என் பாடு."

மறுநாள் விடிந்ததும் சடையாண்டி முகத்துக்கு அரிதாரம் பூசி, காலில் சலங்கை கட்டி வாசலுக்கு வந்தான்.

மூக்காயி காறித் துப்பினாள். "ஏலே சடையா, நாங்க வவுறு காஞ்சு கெடக்கோம். நீ வேசங்கட்டி ஆட வந்தியாக்கும்?"

"துரை பீரங்கியோட வாரான்க்கா. எல்லாரும் என்னப் பாத்து உக்காருங்க. அது போதும்."

"சிரிக்கணுமோ?"

"வேண்டாம். பாத்தா போதும்."

அந்த அரண்மனையில் மன்னரின் பாட்டனார் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. வாசலில் கூத்து நடந்தால் மன்னர் முன்னால் வந்து அமர வேண்டும். பார்ப்பவர்களுக்கெல்லாம் அரண்மனைக் கஞ்சி. மங்களம் பாடி முடிக்கும்வரை ஒருவரையும் எழுப்பக் கூடாது. சலங்கைச் சத்தம் கேட்டதும் மன்னர் சபையோரோடு ஆவலாக வந்து அமர்ந்தார். பின்னாலேயே கஞ்சிப் பானைகள் வந்தன.

சடையாண்டி குட்டிக்கரணம் போட்டான். கழுதைபோல் கத்தினான். மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். ஊர்க்காரர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட கண்களுக்கு முன்னால் அவன் ஆடியதே இல்லை.

உச்சிப்பொழுதில் துரை, எதற்கும் இருக்கட்டும் என்று பீரங்கியோடு வந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த ஜனங்களையும், முன்னால் இருந்த மன்னரையும், ஆடுகிறவனையும் பார்த்தார். துபாஷியைக் கூப்பிட்டு, "இது என்ன?" என்றார்.

சிங்கண்ணா தாம் எழுதிய வார்த்தையையே சொல்ல வேண்டியதாயிற்று. "ஆடியன்ஸ், துரை."

"சரி. பீரங்கி இங்கேயே நிற்கட்டும். கூத்து முடிந்ததும் இவர்கள் யார் என்று மறுபடியும் எழுதுங்கள்." துரை குதிரையைத் திருப்பினார்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "துபாஷியின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாயே! என்ன வேண்டும், கேள்!"

"மடையைத் திறந்துவிடுங்கள், பிரபு."

மன்னர் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இன்றைக்கு நீ சொன்னதிலேயே இதுதான் சிகரம்!" என்று தம் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். சபையோரும் சிரித்தார்கள்.

வெயில் சாய்ந்தது. சடையாண்டியின் தொண்டை கட்டிவிட்டது. கால் மரத்துவிட்டது. சிங்கண்ணா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "மங்களம் எப்போது, விகடரே?"

சடையாண்டி பீரங்கியைப் பார்த்தான். கஞ்சிக் கலயத்தை மடியில் வைத்தபடி, சிரிக்காமல், கண்ணெடுக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அக்காளைப் பார்த்தான். ராஜ சால்வையால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டான். சலங்கையை இறுக்கிக் கட்டினான்.

பிள்ளையார் பாட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.