உளுந்து வயலில் இரண்டாம் நாள்

கையில் துப்பாக்கி இருந்தால் வானமும் தனக்கே பட்டா என்று நினைத்தவர் ஜமீன்தார் சிங்கமுத்து. நேற்று சுடலியின் குத்தகை வயலில் மேய இறங்கிய புறாக்களைச் சுட்டுத் தள்ளினார். ஒரு புறாவைத் தவறவிட்டதற்காகத் தன் வேட்டை நாயையும் துப்பாக்கிக் கட்டையால் விளாசினார். விளைந்த உளுந்து நெற்று கால் பட்டாலே வெடித்துச் சிதறும். பாதி வயல் அவர் பூட்ஸ் காலில் போயிற்று.

இன்றைக்கும் வந்து நின்றார், தாசில்தாரை விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு. வானத்தில் ஒரு சிறகைக் காணோம்.

"ஏ சுடலி! வயலுக்குள்ள இறங்கப் போறோம். புறா வரலைன்னா உன் குத்தகை போச்சு!"

"நேத்து சுட்ட இடத்துக்கு இன்னைக்கு எப்படி வரும் சாமி?"

"நேத்து நடந்தது அதுக்கு ஞாபகம் இருக்குமாக்கும்!"

சுடலி பல்லைக் கடித்துக்கொண்டே கும்பிட்டாள். "அப்ப உங்க நாயை ஒரு தரம் கூப்பிடுங்க. வந்துச்சுன்னா நானே வயலை விட்டுப் போயிடுறேன். வரலைன்னா, அறுப்பு முடியுறவரைக்கும் ஒருத்தரும் உள்ள கால் வைக்கப்படாது. தாசில்தார் ஐயா சாட்சி."

"இவ்வளவுதானா? டேய் வீரா, வாடா!"

அவர்கள் வந்த வில்வண்டிக்கு அடியில் கிடந்த நாய் துப்பாக்கியைப் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போய்ப் பதுங்கியது. அவர் கத்தக் கத்த முனகியதே தவிர, அசையவில்லை. தாசில்தார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்க சோத்தைத் தின்னு வளர்ந்த நாயே நேத்து பட்ட அடியை மறக்கல," என்றாள் சுடலி. "நீங்க ஒரு பருக்கை போடாத புறா மறக்குமா? நானும் மறக்கல சாமி. வரப்பு அந்தப் பக்கம் இருக்கு. பாத்து நடங்க."