பிள்ளைத்தாச்சி மீனுக்கு வாசல் திறந்த தேசம்மா

ஆறும் கடலும் தொட்டுக்கிட்டு நிக்கற ஒரு ஊர்ல தேசம்மா, தேசம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். மீன் வித்துப் பொழைக்கறவ, ரொம்பப் பிடிவாதக்காரி. ஏன் அப்படி ஆனான்னு கேளுங்க. அவ பொறந்த ஊரைக் கடல் தின்னுடுச்சு, மூட்டையைக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்கு வந்தாங்க. அந்த ஊரையும் கடல் தின்னுடுச்சு, மறுபடியும் மூட்டையைக் கட்டினாங்க. மூணாவதா இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா. வந்த அன்னிக்கே, இனிமே மூட்டை கட்ட மாட்டேன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிக்கிட்டா.

அந்த ஊருக்குச் சோறு போட்டது கொடுவா மீனு. பெரிய வாயி, வெள்ளி மாதிரி வயிறு, தூக்கினா ஒரு ஆள் கை நீளம் இருக்கும். வருஷம் பூரா ஆத்துலயும், ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலந்து நிக்கற கழியிலயும் மேஞ்சுக்கிட்டுக் கெடக்கும். மழைக்காலம் வந்து வயித்துல முட்டை நெறைஞ்சதும் கடலைப் பாக்கக் கிளம்பிடும். உப்புத் தண்ணியிலதான் அதுக்குப் பிரசவம். பொறந்த குஞ்சுங்க அப்புறமா அதே வழியா ஆத்துக்குள்ள வந்துரும்.

அதனால கொடுவா கிளம்பற நாள்ல, ஆறு கடல்ல விழற வாசல்ல ஒருத்தரும் வலை போட மாட்டாங்க. பிள்ளைத்தாச்சி போறா, ஒதுங்கி நில்லுங்கன்னு ஓடத்தைக்கூட கரையில ஏத்திருவாங்க. தப்பித் தவறி ஒண்ணு வலையில ஏறிட்டா, பொம்பளைங்க அது கன்னத்துல மஞ்சள் தடவித் திரும்பத் தண்ணியில விட்டுருவாங்க. சிரிக்காதீங்கடா, உங்க அம்மாவுக்கும் வளைகாப்புல அதைத்தான் செஞ்சோம்.

இப்படி இருக்கறப்ப அந்த ஊருக்குச் சொக்கப்ப மணியக்காரன்னு ஒருத்தன் வந்து சேந்தான். அரண்மனைக்கு மீன் அனுப்பறது அவன் வேலை. ராஜாவுக்குச் சினைக் கொடுவா குழம்புன்னா உசுரு. மணியக்காரன் என்ன பண்ணான், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே பனங்கட்டையை வரிசையா நட்டு, வலையை இழுத்துக் கட்டிட்டான். பிள்ளைத்தாச்சிக்கு வழி விடணும்யான்னு தேசம்மா போய்ச் சொல்லிப் பாத்தா. மீனுக்கு ஏதுடி மாசக்கணக்குன்னு கேட்டு அவளை விரட்டிவிட்டான்.

மீன் நின்னுச்சு, கூடவே மண்ணும் நின்னுச்சு. கடல் கொண்டாந்த மணல் கட்டைங்க காலடியில தங்கித் தங்கி மேடாச்சு, மேடு திட்டாச்சு, திட்டு வாசலையே அடைச்சுருச்சு. மணியக்காரனுக்குச் சந்தோஷம் தாங்கல. அத்தனை மீனும் இனி என் சட்டிக்குள்ளன்னான். ஆனா வருஷம் போகப் போக குஞ்சு வரல, பெரிய மீனும் கொறைஞ்சுது, கடைசியில ஊர்ல அடுப்பெரியறதே கஷ்டமாச்சு. இந்த மழை முடிஞ்சதும் தெக்கால வேற ஊருக்குப் போயிடலாம்னு ஊர் கூடிப் பேசி, சட்டி பானையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. தேசம்மா மட்டும் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பினா.

கட்டைங்களுக்கு வடக்கால மணல் ஒல்லியா இருந்த எடமாப் பாத்து, கடல் ஓரத்துல நின்னுக்கிட்டு வெட்டினா. அலை வந்து மூடிட்டுப் போச்சு. மறுநாளும் போய் வெட்டினா, அலை மறுபடியும் மூடிட்டுப் போச்சு. அதுக்கும் மறுநாள், கை கொப்பளிச்சும் விடாம வெட்டினா. அன்னிக்கும் அலை வந்து சுத்தமா மூடிருச்சு. மணியக்காரன் கரையில நின்னு கைகொட்டிச் சிரிச்சுட்டுப் போனான். தேசம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு, ஆனாலும் மண்வெட்டியைக் கீழ வைக்கல.

அப்ப பின்பக்கம், கழித்தண்ணியில, சளக்குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா பெரிய கொடுவா ஒண்ணு. வயிறு கனத்துப்போய், மூக்கெல்லாம் மணல் ஒட்டிக்கிட்டு மூச்சு வாங்குது.

"ஏன் தாயி, நாங்க இந்தப் பக்கம் நின்னு முட்டறோம், நீ அந்தப் பக்கம் நின்னு வெட்டற. கடலோட மல்லுக்கட்டி உன்னால ஆவுமா? எங்க பின்னால மழைத்தண்ணி ஏறி வருது பாரு, அதைக் கூட்டுச் சேத்துக்க"ன்னுச்சு மீனு.

தேசம்மாவுக்கு அப்பத்தான் புத்தியில ஏறுச்சு. கழியோரம் ஒரு மண் அடைப்பை விட்டுவச்சு, அதுக்கு அந்தால இருந்து வாய்க்கால் வெட்டிக்கிட்டே போய், அலை எட்டாத எடத்துல நிறுத்திக்கிட்டா. மழை பேஞ்சுது பேஞ்சுது, அப்படிப் பேஞ்சுது. போக வழியில்லாத தண்ணி கழியில ஏறி, பள்ளத்துல இருந்த மணியக்காரன் வீட்டுக்குள்ள பூந்துருச்சு. மொதல்ல வாசப்படி, அப்புறம் அடுப்பு, அப்புறம் அவன் படுத்திருந்த கட்டில். அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தான், அடைப்பை இப்பவே வெட்டுடின்னான்.

தேசம்மா அசையல. "இப்ப வெட்டினா அலை மூடிரும். கடல் உள்வாங்கட்டும், வெட்டறேன். ஆனா ஒண்ணு, இந்த வழியில நீ வலை போடக் கூடாது"ன்னா.

போடவே மாட்டேன்னு கடலைத் தொட்டுச் சத்தியம் பண்ணான். கடல் உள்வாங்கினதும் தேசம்மா அடைப்பை வெட்டினா. பாம்பு மாதிரி நெளிஞ்சு போன தண்ணி, கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் மண்ணைச் சரிச்சுக்கிட்டு ஆறா ஓடுச்சு. அது கூடவே, கழியில மிஞ்சிக் கெடந்த அத்தனையும் ஒண்ணாக் கிளம்பி, கொடுவா, கொடுவா, எங்க பாத்தாலும் கொடுவா. மணியக்காரனுக்கு நாக்குல எச்சி ஊறிருச்சு. ஒளிச்சு வச்சிருந்த வலையை எடுத்தான், ஒரு முனையை ஒரு கட்டையில கட்டினான், இன்னொரு முனையை எங்க கட்டினான் தெரியுமா? தன் இடுப்புல. அத்தனை பிள்ளைத்தாச்சியும் சேந்து ஒரு இழுப்பு இழுத்துச்சுங்க பாருங்க, கட்டை பிடுங்கிக்கிட்டுப் போச்சு, வலை கிழிஞ்சுக்கிட்டுப் போச்சு, மணியக்காரன் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டுக் கடலுக்குள்ள போனான். அலை அவனை உருட்டி உருட்டி ஊர் ஜனம் மொத்தமும் நின்ன எடத்துல கொண்டாந்து போட்டுச்சு. வேட்டி மட்டும் திரும்பி வரவே இல்ல.

தேசம்மா தலையில இருந்த சும்மாட்டுத் துணியைப் பிரிச்சு அவன்மேல போட்டா. கட்டிக்கிட்டு எந்திரிய்யா, உன் பனங்கட்டையெல்லாம் உன் கையாலதான் பிடுங்கணும்னா. ஊரே பாக்க ஒவ்வொண்ணா பிடுங்கினான். குஞ்சுங்க ஆத்துக்குள்ள வந்துச்சு, ஊர் ஜனம் கட்டின மூட்டையை அவுத்தாங்க. அதுல இருந்து வருஷா வருஷம் மணல் அடைச்சா வாசல் வெட்டப் போவாங்க, மொதக் கூடை மண்ணு மட்டும் மணியக்காரன் வீட்டு ஆள் தலையிலதான் ஏறும்.

வயித்துப்பிள்ளையோட போறவளுக்கு யாரும் குறுக்க நிக்கக் கூடாது, அது மீனா இருந்தாலும் சரி. கதை கடலுக்குப் போச்சு, நீங்க பாயிக்குப் போங்க.